முன்பக்கம் யாருக்கு உரியது?

கடந்த மாதம் பேரனின் பிறந்தநாளுக்கு வீடியோ கேம் ஒன்றை வாங்கக் கடைக்குச் சென்றிருந்தேன். அவன் எழுதிக் கொடுத்த பெயரைக் காட்டியதும் கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துத் தந்தார். எரியும் நகரம், அதன் நடுவே கவசமணிந்த ஒரு வீரன், அவன் கையில் ஒளிரும் வாள் என்று முகப்பு ஓவியம் கண்ணைப் பறித்தது. விலையும் அதற்கேற்பவே இருந்தது. வீட்டில் பேரன் பெட்டியைத் திறந்தபோது உள்ளே வட்டு எதுவும் இல்லை. எழுத்துகளும் எண்களும் அச்சிட்ட ஒரு சிறு தாள் மட்டுமே இருந்தது. அந்தக் குறியீட்டை இணையத்தில் பதிந்து விளையாட்டைத் தரவிறக்கிக்கொள்ள வேண்டுமாம். ஏமாந்துவிட்டோமோ என்று பதறி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வதுபோன்ற பொடி எழுத்தில், உள்ளே வட்டு இல்லை என்ற செய்தி இருந்தது. பேரன் சிரித்துக்கொண்டே, "பின்னாடி போட்டிருக்காங்களே தாத்தா, நீங்க படிக்கலையா?" என்றான்.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையில் என்ன நடக்கும் என்பது பொருளியலின் முதன்மையான கேள்விகளுள் ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை வகுப்பறையில் நடத்தியிருக்கிறேன். ஆனால், அந்தக் கேள்வி முழுவதும் ஒரு பெட்டியின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே அடங்கியிருப்பதை அன்றுதான் கையில் பிடித்துப் பார்த்தேன். பெட்டியின் மீது வரையப்படும் படத்தை நாம் அலங்காரம் என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாத ஒருவருக்கு விற்பவர் தரும் வாக்குறுதி அது. அந்த வாக்குறுதி எப்போது காப்பாற்றப்படுகிறது, மீறப்பட்டால் யார் தண்டிப்பது ஆகிய கேள்விகளுக்கு வீடியோ கேம் அட்டைகளின் வரலாறு தெளிவான விடைகளைத் தருகிறது. நம் சமையலறை அலமாரியில் இருக்கும் பொட்டலங்களுக்கும் அந்த விடைகள் பொருந்துகின்றனவா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிலிப் நெல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970-இல் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். வாங்கும் முன்பே தரத்தைப் பார்த்து அறியக்கூடியவை ஒரு வகை. கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா, அதுபோல. இவற்றைத் தேடல் பொருள்கள் எனலாம். பயன்படுத்திய பிறகே தரம் தெரியவருபவை இரண்டாம் வகை. இவை அனுபவப் பொருள்கள். 1973-இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவதாக ஒரு வகையைச் சேர்த்தனர். பயன்படுத்திய பின்னரும் தரத்தை நுகர்வோரால் அறிய முடியாதவை அவை. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சிகிச்சை உண்மையிலேயே தேவைப்பட்டதா என்பது நோயாளிக்குக் கடைசிவரை தெரியாது. இவற்றை நம்பிக்கைப் பொருள்கள் என்பர். அட்டைப்படத்தின் பணி இந்த மூன்று வகைகளிலும் வெவ்வேறானது.

நான் வளர்ந்த தெற்கத்தி வட்டாரத்தில் அட்டைப்படம் என்றாலே சிவகாசித் தீப்பெட்டிதான். 1920-களில் அங்கே வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலை ஒட்டியே அச்சுத்தொழிலும் வளர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படத்தின் பெயரைச் சொல்லியே தீப்பெட்டி கேட்பார்கள். குச்சி நன்றாக இருக்கிறதா என்பது ஒருமுறை உரசினால் தெரிந்துவிடும். ஏமாந்தாலும் இழப்பு சில காசுகளே. அடுத்த முறை வேறு படத்தைக் கேட்டால் போயிற்று. ஆகவே, அந்தப் படம் எதையும் மிகைப்படுத்த வேண்டியிருக்கவில்லை. நினைவில் நின்றால் போதும், அதன் கடமை முடிந்தது.

வீடியோ கேமின் நிலை வேறு. 1977-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம், வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கருவி ஒன்றை வெளியிட்டது. அதன் செயல்நினைவகம் வெறும் 128 பைட்டுகள். இந்தப் பத்தியைக்கூட அதற்குள் சேமிக்க முடியாது. திரையில் தெரிந்தவையெல்லாம் சில கட்டங்களும் கோடுகளுமே. அதற்காக வந்த 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டில் கதாநாயகன் ஒரு சிறு சதுரம். அவனைத் துரத்தும் டிராகன்கள் வாத்துகளைப்போல இருப்பதாக விளையாடியவர்களே கேலி செய்தனர். ஆனால், அதன் பெட்டியில் சூசன் ஜேக்கல் தீட்டிய ஓவியத்தில் கோட்டையும் புதிர்ப்பாதையும் டிராகனும் உயிர்பெற்று நின்றன.

இதை ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் அட்டாரிக்காக உருவாக்கிய பாணியில் ஒரே சட்டகத்துக்குள் பல காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து நிற்கும். ஓடும் வீரன், பறக்கும் விமானம், உறுத்துப் பார்க்கும் ஒரு முகம் எல்லாம் ஒரே ஓட்டத்தில் அமைந்திருக்கும். வெவ்வேறு வண்ணப் பெட்டிகளில் தலைப்பும் ஓவியமும் ஒரே முறையில் அமைந்ததால், கடையின் அலமாரியில் அவை ஒரு குடும்பமாகத் தெரிந்தன. திரையால் காட்ட முடியாததை ஓவியம் நிறைவு செய்தது. அந்தச் சதுரத்தை வீரனாகக் கற்பனை செய்துகொள்ளச் சிறுவர்களுக்கு அது கைகொடுத்தது. நாடக மேடையில் தொங்கும் ஒற்றைத் திரைச்சீலையைக் காடு என்று நாம் ஏற்றுக்கொள்வதில்லையா? அப்படி ஓர் உடன்பாடு அங்கேயும் இருந்தது. ஆனால், அதே பெட்டிகளில் வேறொரு கணக்கும் இருந்தது. 'காம்பாட்' என்ற டாங்கிச் சண்டை விளையாட்டின் பெட்டி, '27 வீடியோ கேம்கள்' என்று அறிவித்தது. ஒரே விளையாட்டின் சிறு சிறு மாறுதல்களை எண்ணிக் கிடைத்த தொகை அது. ஓவியத்தின் மிகை கற்பனைக்கு உதவியது. எண்ணிக்கையின் மிகை பணப்பைக்குக் குறிவைத்தது. இவ்விரண்டையும் பிரித்தறிவது முக்கியம் என்று கருதுகிறேன்.

உடன்பாடு முறிவதற்கு நீண்ட காலம் ஆகவில்லை. வீடியோ கேமில் பணம் கொழிப்பதைக் கண்டு 1982-இல் எத்தனையோ நிறுவனங்கள் களத்தில் குதித்தன. விளையாட்டை உருவாக்குவதில் அக்கறை குறைந்தது. பெட்டியை அழகாக்குவது மட்டும் எளிதாகவே இருந்தது. அட்டாரியே பெரும் தொகை கொடுத்து 'ஈ.டி.' திரைப்படத்தின் உரிமையை வாங்கி, கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிப்பதற்காக ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் ஒரு விளையாட்டைச் செய்ய வைத்தது. புகழ்பெற்ற அந்தப் படத்தின் முகத்தை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தனர். தயாரித்த பல லட்சம் பிரதிகளில் பெரும்பகுதி தேங்கியது. விற்காத சரக்கை 1983-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைக்கிடங்கில் புதைத்தனர். 2014-இல் அதைத் தோண்டி எடுத்தபோது, மண்ணுக்கடியிலிருந்து அந்தப் பெட்டிகளும் வெளிவந்தன.

உச்சத்தில் 300 கோடி டாலரைத் தாண்டியிருந்த அமெரிக்க வீடியோ கேம் விற்பனை, 1985 வாக்கில் சுமார் 10 கோடி டாலராகச் சரிந்தது. மிகை உற்பத்தி, வீட்டுக் கணினிகளின் போட்டி எனக் காரணங்கள் பல உண்டு. ஆயினும், அதன் அடியில் இருந்த நோயை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-லேயே பழைய கார்களின் சந்தையைக் கொண்டு விளக்கியிருந்தார். நல்ல காரும் மோசமான காரும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தால், வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தரமாட்டார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாரும் முன்வரமாட்டார்கள். கடைசியில் சந்தையில் மோசமானவை மட்டுமே மிஞ்சும். அதன் பின் சந்தையே மிஞ்சாது. இந்தக் கருத்துக்காக 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. எல்லா அட்டைகளும் ஒரே அளவு அழகாகப் பொய் சொல்லும்போது உண்மை சொல்லும் அட்டைக்கு மதிப்பில்லாமல் போகிறது. வீடியோ கேம் சந்தை அந்த வழியில்தான் சரிந்தது.

மீட்சி எப்படி வந்தது என்பதே நமக்கு அதிகம் பயன்படும் பகுதி. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1985-இல் நியூயார்க்கில் தன் கருவியை அறிமுகப்படுத்தியபோது, பெற்றோரும் கடைக்காரர்களும் வீடியோ கேம் என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தனர். அந்நிறுவனத்தின் தொடக்ககால அட்டைகளைப் பாருங்கள். கருத்த பின்னணியில், திரையில் தெரியும் அதே கட்டங்களாலான உருவங்களைப் பெரிதாக்கி அப்படியே அச்சிட்டிருந்தனர். வாங்கினால் இதுதான் கிடைக்கும் என்று அட்டையே ஒப்புக்கொண்டது. முகப்பில் ஒரு தரமுத்திரையும் இருந்தது. அந்த முத்திரைக்குப் பின்னால் ஓர் ஏற்பாடும் இருந்தது. அனுமதி பெறாத விளையாட்டைக் கருவி ஏற்க மறுக்கும் வகையில் அதனுள் ஒரு சில்லு பொருத்தப்பட்டிருந்தது. உரிமம் பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிட முடியாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. இதில் ஏகபோகத்தின் வாடை வீசியதை நான் மறுக்கவில்லை. எனினும், பொய் சொன்னால் இழப்பு நேரும் என்ற நிலை உருவான பிறகே அட்டையின் சொல்லுக்கு மீண்டும் மதிப்பு வந்தது.

நல்ல எண்ணம் இருந்தாலும் அட்டை பிசகுவது உண்டு. 1987-இல் ஜப்பானில் வெளிவந்த 'ராக்மேன்', அமெரிக்காவில் 'மெகா மேன்' ஆனது. விளையாட்டின் நாயகன், கையே பீரங்கியாக மாறும் ஒரு சிறுவன் இயந்திரம். அமெரிக்க அட்டையிலோ கைத்துப்பாக்கி ஏந்திய நடுவயது மனிதர் ஒருவர் கோணலாக நின்றார். விளையாட்டு அருமையானது, அட்டை இன்றுவரை நகைப்புக்குரியதாக நிலைத்துவிட்டது. மாறாக, 2001-இல் வெளிவந்த 'ஐகோ' விளையாட்டுக்கு அதன் இயக்குநர் ஃபுமிதோ உவேதாவே இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ தெ கிரிகோவின் பாணியைத் தழுவி முகப்பை வரைந்தார். ஆளரவமற்ற வளைவுகள், நீண்ட நிழல்கள், கைகோத்து ஓடும் இரு சிறு உருவங்கள். விளையாட்டின் தனிமையை அந்த ஓவியம் அப்படியே சொன்னது. வட அமெரிக்கப் பதிப்புக்கு மட்டும் வேறோர் அட்டை போடப்பட்டது. ஓவியரின் உண்மையும் விற்பனைத் துறையின் கணக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

அனுபவப் பொருளின் சந்தைக்கு ஒரு நற்பேறு உண்டு. பொய் வெகுநாள் மறைந்திருக்காது. விளையாடிய முதல் மணி நேரத்தில் உண்மை வெளிப்பட்டுவிடும்; இதழ்களின் விமர்சனமும் நண்பர்களின் சொல்லும் அதைப் பரப்பிவிடும். ஸ்டீம் என்ற இணைய விற்பனைத் தளம் 2015-இல் இன்னொரு படி முன்னேறியது. வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அறிவித்தது. அட்டை மிகைப்படுத்தினாலும் வாங்குபவருக்குத் தப்பிக்க ஒரு வழி கிடைத்தது.

இருந்தும் ஒன்றை மட்டும் வீடியோ கேம் துறை சந்தையின் போக்கில் விட முடியவில்லை. விளையாட்டுகளில் பெருகிய வன்முறை குறித்து 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் சபை விசாரணை நடத்தியது. நீங்களே ஒரு தரப்படுத்தல் முறையைக் கொண்டுவராவிட்டால் அரசு கொண்டுவரும் என்ற எச்சரிக்கைக்குப் பிறகு, 1994-இல் அத்துறை வயது வகைப்பாட்டை ஏற்படுத்தியது. அந்த வயதுக் குறியீடு பெட்டியின் முன்பக்கத்திலேயே இடம்பெற்றது. ஐரோப்பா 2003-இல் தன் முறையைக் கொண்டுவந்தபோதும் அப்படியே. ஓவியத்தின் மூலையில் ஓர் எழுத்தோ எண்ணோ கட்டத்துக்குள் நிற்பதால் அட்டையின் அழகு கெட்டுவிட்டது என்று இன்று யாரும் சொல்வதில்லை. விற்பனையும் படுத்துவிடவில்லை. வடிவமைப்பாளர்கள் அந்த இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு மீதியில் வரையப் பழகிக்கொண்டனர்.

இனி நம் வீட்டு அலமாரிக்கு வருவோம். அன்றாட நுகர்பொருளின் மேலுறைக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு 2009-இல் அமெரிக்காவில் நடந்தது நல்ல சான்று. பெப்சிகோ நிறுவனம் தன் ட்ராபிகானா ஆரஞ்சுச் சாற்றின் அட்டையை மாற்றியது. ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழல் செருகிய பழைய படம் போய், கண்ணாடிக் குவளையில் சாறு வந்தது. உள்ளே இருந்த சாற்றில் ஒரு சொட்டு மாற்றமும் இல்லை. இரண்டு மாதங்களுக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது. பழைய அட்டை அவசரமாகத் திரும்பி வந்தது. நாம் கடையில் எழுத்தைப் படித்து வாங்குவதில்லை, முகத்தை அடையாளம் கண்டே வாங்குகிறோம். பொட்டலத்தைப் பற்றிய உணர்வை மனிதர்கள் அறியாமலேயே உள்ளிருக்கும் பொருளுக்கும் ஏற்றிவிடுகிறார்கள் என்று சென்ற நூற்றாண்டின் நடுவிலேயே லூயி செஸ்கின் என்ற சந்தை ஆய்வாளர் விளக்கியிருந்தார்.

நம் உச்சநீதிமன்றமும் இதை நன்கு அறிந்தே இருந்தது. 1972-இல் பார்லே நிறுவனம் தொடுத்த வழக்கில் இரண்டு பிஸ்கட் மேலுறைகள் நீதிபதிகளின் முன் வைக்கப்பட்டன. ஒன்றில் பண்ணை வீட்டு முற்றத்தில் நீர்வாளியுடன் ஒரு பெண், சுற்றிலும் பசுக்களும் கோழிகளும். மைசூரைச் சேர்ந்த மற்றொரு நிறுவனத்தின் உறையில் தலையில் வைக்கோல் கட்டுடன் ஒரு பெண், சுற்றிலும் அதே பசுக்களும் கோழிகளும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வேறுபாடுகளை எண்ணக் கூடாது, இன்று ஒன்றைப் பார்த்தவர் நாளை மற்றொன்றைப் பார்த்தால் மயங்குவாரா என்றே கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்து, பார்லேக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சராசரி மனிதரின் கவனமும் நினைவும் எவ்வளவு என்பதைச் சட்டம் அங்கே சரியாக அளந்தது. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறியீடுகள் சட்டமும் பொதியின் தோற்றத்தையும் வண்ணச் சேர்க்கையையும் வணிகக் குறியீட்டின் வரையறைக்குள் சேர்த்துக்கொண்டது.

இங்கேதான் எனக்கு ஒரு முரண் தென்படுகிறது. ஒரு வணிகரின் முன்பக்கத்தை இன்னொரு வணிகர் திருடிவிட்டால், வாங்குபவர் பொடி எழுத்தைப் படிக்கமாட்டார் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதே முன்பக்கம் வாங்குபவரைத் திசைதிருப்பினால் மட்டும், பின்னால் அச்சிட்டிருப்பதைப் படித்திருக்க வேண்டியதுதானே என்று நுகர்வோரிடமே பொறுப்பைத் தள்ளிவிடுகிறோம்.

உணவுப் பொட்டலத்தில் இந்த முரண் ஆபத்தாகவே மாறுகிறது. சுவையைப் பொறுத்தவரை பிஸ்கட்டும் அனுபவப் பொருளே. பிடிக்காவிட்டால் மறுமுறை வாங்கமாட்டோம். உடல்நலத்தைப் பொறுத்தவரை அது நம்பிக்கைப் பொருள். நூறு கிராமில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு, எவ்வளவு நிறைவுற்ற கொழுப்பு என்பதை நாக்கு சொல்லாது. பத்து ஆண்டுகள் கழித்து நோய் வரும்போதும் இந்தப் பொட்டலத்தால் வந்தது என்று யாராலும் சுட்ட முடியாது. மோசமான விளையாட்டை வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உடல்நலத்தை எந்தக் கடையில் திரும்பக் கேட்பது? வீடியோ கேம் சந்தையை மீட்ட தன்திருத்தம் இங்கே செயல்படாது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவ்வளவுக்கும் பொட்டலமே காரணம் என்பது மிகை. ஆனால், அவர்களுள் ஒருவர் கடையில் நின்று ஒரு பொருளைக் கையில் எடுக்கும் சில நொடிகளில் அவருக்கு உண்மை தெரிய வேண்டும் என்பது மிகையான கோரிக்கை ஆகாது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமன்று. பழச்சாற்று உறைகளில் '100 சதவீதப் பழச்சாறு' என்ற வாசகத்தை நீக்குமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. அடுத்த மாதமே, சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றின் அளவைத் தடித்த, பெரிய எழுத்தில் அச்சிடும் முன்மொழிவுக்கு அது ஒப்புதல் அளித்தது. எழுத்து பெரிதாவது நல்லதே. ஆனால், ஊட்டச்சத்து அட்டவணை பெரும்பாலான பொட்டலங்களில் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. 2022-இல் ஆணையம் முன்வைத்த வரைவு, முன்பக்கத்தில் நட்சத்திரங்களைக் கொண்டு மதிப்பிடும் முறையைப் பரிந்துரைத்தது. அதன் குறையை எந்த ஆசிரியரும் எளிதில் கண்டுகொள்வார். கணிதத்தில் தோற்ற மாணவன் ஓவியத்தில் பெற்ற மதிப்பெண்ணால் தேர்ச்சி பெறுவதுபோல, சர்க்கரை மிகுந்த பொருளும் சிறிது பருப்பும் நார்ச்சத்தும் சேர்த்து நட்சத்திரத்தைக் கூட்டிக்கொள்ள முடியும்.

தென் அமெரிக்காவின் சிலி நாடு 2016-இல் வேறு வழியைத் தேர்ந்தது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ கலோரியோ வரம்பை மீறினால், அதைச் சொல்லும் கருநிற எண்கோண முத்திரை முன்பக்கத்தில் இடம்பெற வேண்டும். அத்தகைய பொருள்களின் உறையில் குழந்தைகளைக் கவரும் கேலிச்சித்திர உருவங்களும் கூடாது. விளம்பரக் கட்டுப்பாடுகளும் உடன் வந்தன. முத்திரை பெற்ற இனிப்புப் பானங்களின் கொள்முதல் ஏறத்தாழ கால் பங்கு குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. நம் உச்சநீதிமன்றமும் முன்பக்க எச்சரிக்கை கோரிய பொதுநல வழக்கில், மூன்று மாதங்களுக்குள் பரிந்துரைகளை இறுதி செய்யுமாறு 2025 ஏப்ரலில் கூறியது.

இது நமக்குப் புதிய பாதையும் அன்று. சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி என்ற குறியை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாம் கட்டாயமாக்கினோம். பொருளின் பெயருக்கு அருகில், முகப்பிலேயே அது நிற்கிறது. எந்த மொழியும் தெரியாதவரும் ஒரு பார்வையில் அறிந்துகொள்கிறார். 2016 முதல் புகையிலைப் பொருள்களின் உறையில் 85 சதவீதப் பரப்பைப் பட எச்சரிக்கைக்கு ஒதுக்கியிருக்கிறோம். முன்பக்கத்தில் பொதுமக்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்ற கொள்கையை நாம் ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை, உப்பு என்று வரும்போதுதான் தயங்குகிறோம்.

தயக்கத்துக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒதுக்கிவிடவும் கூடாது. ஊறுகாயும் அப்பளமும் நெய் இனிப்பும் நம் மரபு உணவுகள், அவற்றின்மேல் கறுப்பு முத்திரை குத்தலாமா என்று கேட்கிறார்கள். சிறிதளவே தொட்டுக்கொள்ளும் ஊறுகாயையும் மடமடவெனக் குடிக்கும் பானத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கலாமா என்பது நியாயமான கேள்வியே. வரம்புகளை வகுக்கும்போது நிபுணர்கள் அதற்கு விடை காணட்டும். சிறு உற்பத்தியாளரின் செலவு பற்றிய கவலை எனக்கும் உண்டு. புதிய உறை அச்சிடும் செலவு பெரிய நிறுவனத்துக்குத் தூசு. வீட்டில் முறுக்கு சுட்டு விற்கும் மகளிர் குழுவுக்குச் சுமை. அவர்களுக்குக் கூடுதல் காலமும் ஒட்டுவில்லை பயன்படுத்தும் சலுகையும் தரலாம். ஆனால், இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல எண்ணெயில் பண்டம் செய்யும் சிறு உற்பத்தியாளரிடம் பெரிய ஓவியருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. முன்பக்கம் முழுவதும் ஓவியப் போட்டியாக இருக்கும்வரை அவர் தோற்றுக்கொண்டேதான் இருப்பார். அகர்லாஃப் சொன்ன நல்ல கார் அவருடையது. எல்லாருடைய அட்டையிலும் ஒரே அளவில் ஓர் உண்மை இடம்பெறும்போதுதான் அவருடைய தரம் வெளியே தெரியும்.

ஆகவே, நான் வேண்டுவது மூன்று. முதலாவது, வரம்பு மீறிய சர்க்கரை, உப்பு, கொழுப்பைச் சொல்லும் எச்சரிக்கைக் குறி முன்பக்கத்தில் வர வேண்டும். அதன் அளவையும் நிறத்தையும் இடத்தையும் விதியே வரையறுக்க வேண்டும். இரண்டாவது, நல்லதையும் கெட்டதையும் கூட்டிக் கழித்துச் சராசரி காட்டும் நட்சத்திர முறை வேண்டாம். எது மிகுதியோ அதைத் தனித்தனியே சொல்ல வேண்டும். மூன்றாவது, உறையில் ஒரு பழத்தின் படம் போட்டால், உள்ளே அந்தப் பழம் எத்தனை சதவீதம் என்பதைப் படத்தின் அருகிலேயே அச்சிட வேண்டும். படத்தால் முன்னிறுத்தப்படும் சேர்மானத்தின் அளவைக் குறிப்பிட வேண்டும் என்ற கோட்பாடு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. இவை எதுவும் ஓவியரின் தூரிகையைப் பறிப்பவை அல்ல. வயதுக் குறியீட்டுக்கு இடம் விட்டு வரையப் பழகிய கலைஞர்கள் இதற்கும் பழகிக்கொள்வார்கள்.

சென்ற வாரம் பேரனுடன் பல்பொருள் அங்காடிக்குச் சென்றேன். அவன் ஒரு பானத்தை எடுத்தான். முகப்பில் மாம்பழங்கள் குவிந்திருந்தன. "பின்னால் திருப்பிப் படி" என்றேன், பழைய கணக்கைத் தீர்க்கும் எண்ணத்துடன். எழுத்துக் கூட்டிப் படித்தான். முதலில் தண்ணீர், அடுத்தது சர்க்கரை, அதற்குப் பிறகுதான் மாம்பழக்கூழ். சற்று நேரம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் தாத்தா முன்னாடி போடல?" என்று கேட்டான். அவனுக்கு நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. விதிகளை வகுக்கும் இடத்தில் இருப்பவர்கள்தாம் அவனுக்கு விடை சொல்ல வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).